கார் ஏசி: நாமே கை வைக்கலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா?

வைகைக்கரையான் (மதுரை)

வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார், சின்ன வண்டி. ரிங் ரோட்டில் அறுபது எழுபதில் போகும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. கோரிப்பாளையம் நெரிசலில் மாட்டிக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. அப்புறம் அதுவும் வெதுவெதுப்பாகிவிடும். மறுபடி வேகம் எடுத்தால் குளிர் திரும்பி வந்துவிடுகிறது. இஞ்சின் சூடு முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது.

இரண்டு இடத்தில் காட்டினேன். வீட்டுப் பக்கத்துக் கடையில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கேஸ் இறங்கிருச்சு சார், அடிச்சுட்டா சரியாயிடும், 1,800 ரூபா" என்றார். பெரிய சர்வீஸ் சென்டரில் கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரஸர் போச்சு என்று சொல்லி 26,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியர், இரண்டு மருந்து.

ஆன்லைனில் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட்டும் ஆர்134ஏ என்கிற ஏசி கேஸ் கேனும் கிடைக்கின்றன. வீடியோவில் பார்த்தால் பத்து நிமிட வேலை மாதிரிதான் தெரிகிறது. பைக்குக்கு ஆயில், பிரேக் ஷூ, செயின் எல்லாம் நானே மாற்றுகிறவன். வாங்கி இறங்கிவிடலாமா?

பம்ப்செட் (கோவை)

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டுவிட்டு, முன்னால் போய் நின்று பாருங்கள். உங்கள் வண்டியில் ரேடியேட்டருக்கு ஒரு ஃபேன், ஏசி கேஸின் சூட்டை வெளியே விடுகிற கன்டென்சருக்குத் தனியாக ஒரு ஃபேன் இருக்கும். ஏசி போட்டதும் கன்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா?

ஓடும்போது குளிர், நின்றால் குளிர் இல்லை என்றால் முதல் சந்தேகம் அந்த ஃபேன் மேல்தான். ஓடும்போது எதிர்க்காற்றே கன்டென்சரை ஆற்றிவிடுகிறது. நின்றால் ஃபேன்தான் கதி. அது சுற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். வருகிற காற்று வெறும் காற்றாகிவிடும். இஞ்சின் சூடாகவில்லை என்கிறீர்கள், ஆக ரேடியேட்டர் ஃபேன் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று, லுங்கியோடு பானெட்டைத் திறக்காதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். துண்டு, லுங்கி, விரல், எது கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை (சேலம்)

நான் காசுக் கணக்கு மட்டும் சொல்கிறேன். ஓரளவு நல்ல கேஜ் செட், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்யூம் பம்ப், கிராம் காட்டும் தராசு, கேஸ் கேன், கண்ணாடி, கையுறை என்று போட்டுப் பார்த்தால் எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. வேக்யூம் பம்பை விட்டுவிட்டுக் கேஜும் கேனும் மட்டும் வாங்கினால் மூவாயிரத்துக்குள் முடியும். ஆனால் அது முழு வேலையும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கப்போகிற சாமானுக்கு இவ்வளவா? வீட்டில் நாலைந்து வண்டி இருந்தால் யோசிக்கலாம்.

ஓஎம்ஆர் ரைடர் (சென்னை)

நண்பர்கள் ரொம்பப் பயமுறுத்துகிறார்கள். நான் சில வருடங்களாக நானேதான் செய்கிறேன். ஏப்ரல் வந்தால் ஒரு கேன் வாங்கி, லோ சைடில், அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்துக் குழாயில் மாட்டி, ஏசி ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். கேஜில் பச்சைக் கோடு வந்ததும் நிறுத்திவிடுவேன். கால் மணி நேரம்கூட ஆகாது. கடைக்காரருக்கு ஏன் 1,800 கொடுக்க வேண்டும்? ப்ரோ, தைரியமாக இறங்குங்கள்.

குளிர்க்கடை (திருச்சி)

இருபது வருடத்துக்கு மேல் வண்டி ஏசி வேலைதான் என் பிழைப்பு. அதனால் "கடைக்காரன் கடைக்காகத்தானே பேசுவான்" என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓஎம்ஆர் தம்பி, நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். வருடா வருடம் ஏப்ரலில் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறதென்றால் உங்கள் வண்டியில் லீக் இருக்கிறது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கில்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் பல வருடத்தில் கொஞ்சம் கசியும், அது சரி. ஒரு வருடத்திலேயே குறைகிறது என்றால் ஓட்டை. அதை அடைக்காமல் ஏற்றுவது காசைக் காற்றில் விடுவது.

அடுத்து அந்தப் பச்சைக் கோடு. எங்கள் தொழிலில் நடக்கிற பாதித் தப்புக்கு அதுதான் காரணம். இஞ்சினை அணைத்து வைத்திருக்கும்போது கேஜ் மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டும். 30 டிகிரி வெயிலில் ஆர்134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறவரை இந்த எண் மாறாது. 150 கிராம் இருந்தாலும் அதுதான், 450 கிராம் இருந்தாலும் அதுதான். சமையல் சிலிண்டரில் அழுத்தத்தைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, தூக்கித்தான் பார்க்க வேண்டும், அந்தக் கதைதான். ஏசி ஓடும்போது லோ சைடில் 25 முதல் 45 வரை, ஹை சைடில் 150 முதல் 250 வரை வரும். நம்ம ஊர்க் கத்திரியில் அதற்கு மேலும் போகும். வெயில், ஃபேன், இஞ்சின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து மாறுகிற எண் அது. லோ சைடை மட்டும் பார்த்துக் கேஸ் ஏற்றுகிறவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்.

சரியான வழி எடைதான். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராமுக்குள். ஐம்பது கிராம் கூடினாலே சின்ன வண்டியில் குளிர் குறைவது தெரியும். கேஸ் கூடினால் குளிர் கூடும் என்று நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. கன்டென்சருக்குள் திரவம் தேங்கி அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் மூச்சு வாங்கும்.

மதுரைத் தம்பிக்கு: கோவைக்காரர் சொன்னதை முதலில் பாருங்கள். கேஸ் குறைந்த வண்டி பொதுவாக ஓட்டத்திலும் சரியாகக் குளிராது. கம்ப்ரஸரை இஞ்சினோடு சேர்க்கிற கிளட்ச் டக், டக் என்று சீக்கிரம் சீக்கிரம் சேர்ந்து விலகும். உங்கள் விவரம் அதோடு ஒட்டவில்லை. கம்ப்ரஸர் வீக் என்றால் ரிங் ரோட்டில் ஜில்லென்று இருக்காது. 26,000 ரூபாயைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஓஎம்ஆர் ரைடர் (சென்னை)

அண்ணே, லீக் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். கூலிங் காயிலில் என்று சொன்னார்கள். டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலியோடு 12,000. வருடத்துக்கு ஒரு கேன் 500 ரூபாய். பழைய வண்டி, இன்னும் இரண்டு வருடத்தில் கொடுத்துவிடுவேன். என் கணக்கு எனக்குச் சரிதானே?

கணக்குப்பிள்ளை (சேலம்)

கணக்காக மட்டும் பார்த்தால் இவர் சொல்வது சரி. எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

குளிர்க்கடை (திருச்சி)

காசு சரி. கேஸோடு கம்ப்ரஸருக்கு வழவழப்புத் தருகிற ஆயிலும் வெளியே போகிறது, அதை யார் ஊற்றுகிறார்கள்? கம்ப்ரஸர் இறுகிப் பிடித்துக்கொண்டால் உலோகத் துகள் லைன் முழுக்கப் பரவும். அப்புறம் கன்டென்சர், ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர், கேஸைச் சின்னத் துவாரம் வழியாக விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை உங்கள் 500 ரூபாய் வைத்தியம் ஓடலாம். நான் அதற்குப் பொறுப்பில்லை.

வைகைக்கரையான் (மதுரை)

பார்த்துவிட்டேன். ஏசி போட்டால் கம்ப்ரஸர் கிளட்ச் "டக்" என்று சேர்கிறது, ரேடியேட்டர் ஃபேனும் தேவைப்படும்போது சுற்றுகிறது. கன்டென்சர் ஃபேன் அசையவே இல்லை!

கோவை அண்ணனுக்குத் தனியாகத் தகவல் அனுப்பிக் கேட்டு இப்படிச் சோதித்தேன். முதலில் ஃபியூஸ், நன்றாக இருந்தது. ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயைக் கழற்றிவிட்டு அதே மாதிரியான ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் போட்டேன், மாற்றமில்லை. சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் வருகிறது. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தேன், சுற்றவில்லை. வயரை எடுக்காமல் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மோட்டார் முதுகில் மெல்லத் தட்டினேன். விருட்டென்று சுற்ற ஆரம்பித்தது, அரை நிமிடம் ஓடி மறுபடி நின்றுவிட்டது.

பம்ப்செட் (கோவை)

மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகிற கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருக்கிறது. மோட்டாரை மாற்றிவிடுங்கள். இதை நீங்களே செய்யலாம், கேஸ் லைனைத் தொடவே வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டில் (ஷ்ரவுட்) இருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் ஃபேன் மேலாக வந்துவிடும். சில வண்டிகளில் பம்பரைக் கழற்ற வேண்டிவரும். அலுமினியம் குழாயில் முட்டாமல் எடுங்கள். இறக்கை திரும்பும் திசையைப் புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வயர் மாறினால் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும்.

ஃபேன் வெளியே இருக்கும்போதே கன்டென்சரைச் சாதாரணத் தோட்டத்துக் குழாயால் கழுவிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டாம், மெல்லிய ஃபின் தகடெல்லாம் மடிந்துவிடும்.

யாழ் ஹைபிரிட் (யாழ்ப்பாணம்)

வணக்கம் அண்ணைமார். இந்த இழையை வாசிக்கிற எங்கட ஆக்களுக்காக ஒன்று சொல்ல வேணும். இங்கே ஜப்பானில் இருந்து வந்த ப்ரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் வாகனங்கள் நிறைய ஓடுது. அதிலே ஏசி கம்ப்ரஸருக்கு பெல்ட் இல்லை, ஹைபிரிட் பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தில் ஓடுற மின் கம்ப்ரஸர். ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கோ. ப்ரியஸில் அது 200 வோல்ட்டுக்கு மேல்.

அதைவிட முக்கியம் ஒயில். சாதாரணக் காருக்குப் போடுற பிஏஜி ஒயில் மின்சாரத்தைக் கடத்தும். இந்தக் கம்ப்ரஸருக்கு என்டி-11 என்ற வேறு ஒயில். கடையில் வாங்குகிற சில கேன்களில் கேஸோடு பிஏஜி ஒயிலும் கலந்திருக்கும். அது கொஞ்சம் உள்ளே போனாலே மின்காப்புக் குறைந்து, வாகனம் கோளாறு காட்டத் தொடங்கும். கழுவி எடுக்கிறதும் லேசில்லை. ஒரு கேஜ் செட்டைச் சாதாரண வாகனத்தில் பாவித்துவிட்டு அப்படியே ஹைபிரிட்டில் மாட்டுறதுகூட நல்லதில்லை. ஹைபிரிட் என்றால் வடிகட்டி, ஃபேன், கன்டென்சர் கழுவுறதோடு நிறுத்துங்கோ.

குளிர்க்கடை (திருச்சி)

அருமையான தகவல் தம்பி. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரையான் (மதுரை)

ஃபேன் மோட்டார் மாற்றியாகிவிட்டது. மோட்டார் 1,700 ரூபாய், கூலி என் ஞாயிற்றுக்கிழமை. கன்டென்சரைக் கழுவும்போது செத்த தும்பியும் வைக்கோலுமாக ஒரு கை வந்தது. இப்போது சிக்னலில் நின்றாலும் குளிர் போவதில்லை.

ஆனால் நடுப்பகல் ஒரு மணி வெயிலில் முன்பிருந்த குளிர் இல்லை என்று தோன்றுகிறது. ஏசி வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 16, 17 டிகிரி காட்டுகிறது. கிளட்ச் முன்பைவிட அடிக்கடி சேர்ந்து விலகுகிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கன்டென்சரின் கீழ் மூலையில், குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மண் கறுப்பாக ஒட்டியிருந்தது. மற்ற இடத்து மண் எல்லாம் தண்ணீரில் போய்விட்டது, அது மட்டும் போகவில்லை. தொட்டால் பிசுபிசுக்கிறது.

குளிர்க்கடை (திருச்சி)

அந்தப் பிசுபிசுப்புதான் ஆயில். கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் வரும், அதில் மண் ஒட்டும். ஃபேன் ஓடாமல் வண்டி எத்தனை மாதம் சிக்னல்களில் நின்றதோ, அவ்வளவு நேரமும் ஹை சைடு அழுத்தம் எகிறியிருக்கும். ஏற்கெனவே வீக்காக இருந்த இடம் விட்டுக்கொடுத்துவிட்டது. முதல் கடைக்காரர் சொன்னபடி கேஸ் அடித்திருந்தால் கொஞ்ச நாளில் அதுவும் போயிருக்கும், ஃபேனும் ஓடாமலே இருந்திருக்கும்.

ஓஎம்ஆர் ரைடர் (சென்னை)

இதற்கு லீக் சீலர் கேன் இருக்கிறதே? உள்ளே விட்டால் ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

குளிர்க்கடை (திருச்சி)

அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரம் எவ்வளவு சின்னது தெரியுமா? சீலர் போட்ட வண்டி என்று தெரிந்தால் கேஸ் எடுக்கிற என் மெஷினை மாட்டமாட்டேன். மெஷினும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

மதுரைத் தம்பி, இனிமேல் உள்ள வேலையைக் கடையில் கொடுங்கள். நீங்கள் செய்ய முடியாது என்பதற்காக இல்லை. லைனைத் திறந்தால் டிரையர் மாற்ற வேண்டும், வேக்யூம் போட வேண்டும், கன்டென்சர் மாற்றினால் 30, 40 மில்லி ஆயில் சேர்க்க வேண்டும், எடை பார்த்துக் கேஸ் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு தடவைக்கு இத்தனை சாமான் வாங்குவது வீண். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். நிற்கவிடாத கடை வேண்டாம்.

லீக் பார்க்க நைட்ரஜன் ஏற்றுகிறாரா என்று பாருங்கள். சுமார் 150 பிஎஸ்ஐ ஏற்றி, சோப்பு நுரை தடவினால் ஓட்டை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சில இடத்தில் வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுகிறார்கள். அதைக் கண்டால் வண்டியை விட்டுவிட்டாவது வெளியே வந்துவிடுங்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கிற காற்றும் ஆகாது, ஈரத்தை உள்ளே கொண்டுபோகும்.

வேக்யூம் பம்ப் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அது காற்றை எடுக்க மட்டுமில்லை. 29 அங்குல (பாதரச அளவு) வேக்யூமில் தண்ணீர் 25 டிகிரிச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் அப்படித்தான் வெளியே வரும். ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும், வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். பம்பை நிறுத்திய பிறகு முள் அப்படியே நிற்கிறதா என்று பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். ஏறினால் இன்னும் எங்கேயோ ஓட்டை.

கேஸ் சிலிண்டர் தராசில் இருக்கிறதா, சீல் உடைக்காத நல்ல சரக்கா என்று கேளுங்கள். மலிவு விலையில் ஆர்134ஏ என்ற பெயரில் என்னென்னவோ வருகிறது. 2011-இல் கப்பலில் போகிற குளிர்ப்பதன (ரீஃபர்) கன்டெய்னர்களில் போலி ஆர்134ஏ ஏற்றி, அதில் கலந்திருந்த மெத்தில் குளோரைடு உள்ளே இருந்த அலுமினியத்தோடு வினை புரிந்து, கன்டெய்னர் வெடித்து ஆட்கள் செத்தார்கள். நம் கார் கன்டென்சரும் அலுமினியம்தான்.

பம்ப்செட் (கோவை)

வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரவ ஆர்134ஏ வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கையில் பட்டால் தோல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். இஞ்சின் ஓடும்போது ஹை சைடில் கேனை மாட்டினால் கேனுக்குள் அழுத்தம் திரும்பி, கேன் வெடிக்கும். ஹை, லோ பக்கத்தில் மாட்டும் முனை (கப்ளர்) இரண்டும் வேறு வேறு அளவில் இருப்பது இதற்காகத்தான். அடாப்டர் போட்டு அந்தப் பாதுகாப்பை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

புங்கமரம் (புதுச்சேரி)

நடுவில் நுழைகிறேன். கன்டென்சர் மாற்றுவதற்கு முன்னால் உள்ளே மிச்சமிருக்கும் கேஸை என்ன செய்வார்கள்? நான் பார்த்த கடைகளில் வால்வை அழுத்தி "உஸ்ஸ்" என்று வெளியே விட்டுவிடுகிறார்கள்.

ஓசோனுக்கு ஆர்134ஏவால் கேடு இல்லை, அது பழைய ஆர்12-இன் பாவம். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஆர்134ஏ கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. 450 கிராம் வெளியே போனால் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டு, இந்த வகை வாயுக்களை 2032 முதல் படிப்படியாகக் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் ஆர்134ஏ இல்லை.

குளிர்க்கடை (திருச்சி)

கேட்டது சரியான கேள்வி. ரெக்கவரி மெஷின் வைத்திருக்கிற கடையில் உறிஞ்சி எடுத்துச் சிலிண்டரில் பிடித்துக்கொள்வார்கள். என்னிடம் இருக்கிறது. நான் தொழில் கற்ற கடையில் இல்லை, அங்கேயும் "உஸ்ஸ்"தான். ரெக்கவரி வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளர் கூடினால்தான் கடைகள் அந்த மெஷினில் பணம் போடும்.

ஓஎம்ஆர் ரைடர் (சென்னை)

280 லிட்டரா! நான் வருடா வருடம் விடுகிறது அதில் பாதியாவது இருக்குமே. கூலிங் காயிலுக்கு இன்னொரு இடத்தில் விலை கேட்டுப் பார்க்கிறேன். உறுதி சொல்லவில்லை, கேட்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

வைகைக்கரையான் (மதுரை)

வேலை முடிந்தது, விவரம் போட்டுவிடுகிறேன்.

ரெக்கவரி மெஷின் உள்ள கடையாகத் தேடிப் போனேன். உள்ளே இருந்தது 190 கிராம்தான், ஸ்டிக்கரில் 400. நைட்ரஜன் ஏற்றி நுரை தடவியதும் நான் சொன்ன அதே மூலையில் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. "இடத்தை எப்படி சார் முன்னாடியே சொன்னீங்க?" என்று மெக்கானிக் கேட்டார். கன்டென்சர், டிரையர், ஓ-ரிங், ஆயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். வேக்யூம் முக்கால் மணி நேரம் ஓடியது, முள் அசையவில்லை. இப்போது மதிய வெயிலில் ஏசி வாயில் 8 டிகிரி.

கேஜ் செட் வாங்கவில்லை. மல்டிமீட்டர் மட்டும் நல்லதாக ஒன்று வாங்கியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை (சேலம்)

1,700-ம் எட்டாயிரமும் போட்டாலும் 26,000-க்கு எங்கேயோ கீழே இருக்கிறது. மகிழ்ச்சி.

மணல்மேடு (மயிலாடுதுறை)

இழை முடிவதற்குள் என் சந்தேகத்தையும் தீர்த்துவிடுங்கள். எங்கள் வண்டியில் காற்று நாலாம் நம்பரில் வைத்தால் மட்டும் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்றில் ஒன்றுமே இல்லை. குளிர் நன்றாக இருக்கிறது. கடையில் புளோயர் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள்.

பம்ப்செட் (கோவை)

மோட்டார் கெட்டிருந்தால் நாலிலும் ஓடாதே. புளோயர் ரெசிஸ்டர் போயிருக்கிறது. பெரும்பாலும் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் தெரியும், இரண்டு ஸ்க்ரூ, ஒரு சாக்கெட். சாக்கெட் உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கேயே கேபின் ஃபில்டர் இருந்தால் அதையும் உருவிப் பாருங்கள், அது அடைத்திருந்தால் ரெசிஸ்டருக்குப் போதிய காற்று படாது. இதற்குக் கடைக்கே போக வேண்டாம், நீங்களே மாற்றிவிடலாம்.